கடைசிப் பத்து கிலோமீட்டர்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் வெளியூர்ப் பயணியின் போக்குவரத்து

தமிழ்நாட்டைச் சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டவர் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகிறார்கள். சென்னை, மாமல்லபுரம், புதுச்சேரி, தஞ்சாவூர், மதுரை, அங்கிருந்து தேனி, குமுளி வழியாகத் தேக்கடி, பிறகு கொச்சி. மதுரையிலிருந்து தென்மேற்கே 75 கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூரும், அதற்கு அடுத்த பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் ராஜபாளையமும் இருக்கின்றன. அந்தத் தடத்தில் இவை இல்லை.

பார்க்க ஒன்றும் இல்லாததால் அல்ல. தமிழக அரசு முத்திரையில் இடம்பெற்ற பதினோரு நிலைக் கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கிறது. 1988-இல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயமும் மேகமலையும் சேர்ந்து 2021-இல் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட புலிகள் காப்பகம் ஆயின. சதுரகிரி மலை, அய்யனார் கோயில் ஆறு, செண்பகத்தோப்பு, புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா, ராஜபாளையம் நாய், 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதலாக வளர்ந்த பஞ்சாலைத் தொழில், முன்னாள் முதலமைச்சர் பூ. ச. குமாரசாமி ராஜா பிறந்த ஊர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். அப்படியிருந்தும் பயணி வராததற்குப் போக்குவரத்துதான் காரணமா?

இந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்தால்தான் விடை தெளியும். வெளியிலிருந்து இந்த ஊர்களுக்கு வந்து சேர்வது ஒன்று. வந்தபின் ஊருக்குள்ளும் மலையடிவாரத்துக்கும் போய்வருவது மற்றொன்று. முதலாவது இன்று பெரும்பாலும் தீர்ந்துவிட்ட பிரச்சினை. இரண்டாவதில் வண்டிக்கும் பஞ்சமில்லை. ஆனால் இங்கே ஓடும் வண்டி ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் அன்றாட வேலைக்காக ஓடுகிறது: பஞ்சாலைத் தொழிலாளிக்கு, பள்ளிப் பிள்ளைக்கு, சந்தைக்காரருக்கு, அமாவாசைக்கு மலையேறும் பக்தருக்கு. அவர்களுடைய நேரம் தெரிந்த பயணிக்கு எல்லாம் எளிது, தெரியாதவர் வாடகைக் காரைத் தவிர வேறு வழியில்லை என்று நினைத்துக்கொள்கிறார். ஒவ்வொரு போக்குவரத்தையும் இந்தக் கோணத்தில் எடைபோட்டுப் பார்ப்போம்.

ரயில்: முட்டுச்சந்து வழிப்பாதையான கதை

விருதுநகரிலிருந்து தென்காசிக்கான ரயில்பாதை 1927-இல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்டது. திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், பாம்புக்கோவில் சந்தை, கடையநல்லூர், தென்காசி என்று மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே இறங்கும் பாதை. செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மலையைக் குடைந்து போட்ட பாதை அதற்கும் முந்தியது, 1904-இல் வந்தது. இரண்டும் சேர்ந்ததால் மதுரைச் சீமைக்கும் கொல்லத்துக்கும் இந்த வழியாக நேர் ரயில் தொடர்பு ஏற்பட்டது.

விருதுநகர்–செங்கோட்டைப் பகுதி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அகலப்பாதை ஆனது. ஆனால் மலைப்பகுதி 2010 செப்டம்பரில் மூடப்பட்டு, 2018 ஜூனில்தான் முழுமையாகத் திறந்தது. அந்த இடைவெளியில் ராஜபாளையத்துக்கு வரும் ரயில் எல்லாம் செங்கோட்டையோடு நின்றன. பயணியின் கணக்கில் இது ஒரு முட்டுச்சந்து. வந்த வழியே திரும்ப வேண்டிய ஊருக்கு, குறைந்த நாட்களோடு வந்த வெளிநாட்டவர் ஏன் வரப்போகிறார்?

2018-க்குப் பிறகு நிலைமை மாறியது. இன்று இந்த இரு ஊர்களும் மதுரைக்கும் கேரளத்துக்கும் இடையிலான வழியில் இருக்கின்றன. சென்னை எழும்பூர்–கொல்லம் விரைவு ரயில் தினமும் வருகிறது. 2023-இல் மூன்று தனித்தனி ரயில்களைச் சேர்த்து உருவாக்கிய மதுரை–குருவாயூர் விரைவு ரயில் செங்கோட்டைக் கணவாயைப் பகலிலேயே கடக்கிறது. ஆரியங்காவைத் தாண்டிக் கழுதுருட்டி அருகே கல்லால் கட்டிய பதின்மூன்று கண் பாலம், சுரங்கங்கள், இருபுறமும் காடு என்று ஊட்டி மலைரயிலுக்கு முண்டியடிக்கும் கூட்டம் இல்லாமலே சாதாரணக் கட்டணத்தில் பார்க்கலாம். வேளாங்கண்ணி–எர்ணாகுளம் ரயிலும் இந்த வழியாகத்தான் போகிறது. மதுரையில் மீனாட்சியைப் பார்த்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் இரவு தங்கி, மறுநாள் கொல்லம் போய்விடலாம். தேனி–குமுளிச் சாலைக்கு இது நல்ல மாற்று. பயண நிறுவனங்கள் இதை இன்னும் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் குறை.

சென்னையிலிருந்து நேராக வருபவருக்குப் பொதிகை விரைவு ரயில்தான் முதல் தேர்வு. இரவில் எழும்பூரில் ஏறினால் விடியும்போது ஸ்ரீவில்லிபுத்தூர், அடுத்தது ராஜபாளையம். திரும்பும்போது மாலையில் ஏறினால் விடிகாலையில் சென்னை. காரைக்குடி, மானாமதுரை, அருப்புக்கோட்டை வழியாக வாரம் மும்முறை வரும் சிலம்பு விரைவு ரயில், செட்டிநாட்டையும் பார்க்க நினைப்பவருக்கு ஏற்றது. மயிலாடுதுறை–செங்கோட்டை ரயில் கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல், மதுரையை இந்த ஊர்களோடு ஒரே டிக்கெட்டில் இணைக்கிறது. கோயில் நகரங்களைத் தேடி வரும் பயணிக்கு இதைவிடப் பொருத்தமான ரயில் தென்தமிழகத்தில் குறைவு.

இடம் கிடைப்பதுதான் சிக்கல். பொதிகையில் வார இறுதியிலும் பண்டிகை நாட்களிலும் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் காத்திருப்போர் பட்டியல் வந்துவிடும். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. குற்றாலச் சீசனான ஆனி, ஆடி மாதங்களிலும், சபரிமலைக் காலமான கார்த்திகை, மார்கழியிலும் நெருக்கடி இரட்டிப்பாகும். அப்போது விருதுநகர் சந்திப்புதான் கைகொடுக்கும். மதுரை–திருநெல்வேலி முக்கியப் பாதையில் இருப்பதால் கன்னியாகுமரி, நெல்லை ரயில்கள் அங்கே நிற்கின்றன. 2023 செப்டம்பரில் தொடங்கிய சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத் ரயிலுக்கும் அங்கே நிறுத்தம் உண்டு. விருதுநகரில் இறங்கிப் பேருந்து பிடித்தால் சிவகாசி வழியாக ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் ராஜபாளையம் வந்துவிடலாம்.

மதுரை–செங்கோட்டைக்கு இடையே ஓடும் முன்பதிவில்லாப் பயணிகள் ரயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். பேருந்தைவிடக் கட்டணம் மிகக் குறைவு, சன்னலோரம் கிடைத்தால் காற்றுக்கும் காட்சிக்கும் குறைவில்லை. சிவகாசி வியாபாரி, மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் குடும்பம், கல்லூரிப் பிள்ளைகள் என்று ஊரே அதில் ஏறும். நாளைக்குச் சில நடைதான் என்பதால், நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புகிறவருக்கே பயன்படும்.

பேருந்து: கூட்டத்தோடு வரும் சுதந்திரம்

ரயில் நேரம் ஒத்துவரவில்லையா, பேருந்து இருக்கிறது. இந்த வட்டாரத்தில் நம்பி ஏறக்கூடியது அதுதான். மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை என்று பலகை போட்ட எந்த வண்டியில் ஏறினாலும் திருமங்கலம், தே. கல்லுப்பட்டி, அழகாபுரி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்ற வரிசையில் வந்து சேரும். பகலில் அதிக நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744 இந்த ஊர்களின் நடுவே போகிறது. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரை நான்குவழிச் சாலையாக்கும் பணி நடந்துவருவதால் பயண நேரம் குறையும். ஆனால் நான்குவழிச் சாலை ஊர்களைச் சுற்றிப் போகும். புறவழியில் பறக்கும் வண்டி எது, ஊருக்குள் நுழையும் வண்டி எது என்று ஏறுமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் வரும்.

சென்னையிலிருந்து வரும் அரசு விரைவுப் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. தனியார் ஆம்னி பேருந்துகள் சென்னை, பெங்களூரு, கோவைக்கு இரவு நேரத்தில் ஓடுகின்றன. ரயிலில் இடம் கிடைக்காதபோது இவைதான் மாற்று. பண்டிகை நாட்களில் இவற்றின் கட்டணம் பல மடங்கு ஏறும் என்பதை உள்ளூர்க்காரர் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளிநாட்டவருக்கு அது புதுச்செய்தி.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே விடிகாலையிலிருந்து இரவு வரை பேருந்து ஓடிக்கொண்டே இருக்கும். நகரப் பேருந்து, தென்காசியிலிருந்து வரும் வண்டி, மதுரை வண்டி என எதிலும் ஏறலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை. முகப்பில் இளஞ்சிவப்பு அடித்த வண்டி வந்தால் அதுதான் என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். எனவே தங்குவதற்கு எந்த ஊர் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கோயில், தேர்வீதி, அமைதி வேண்டுமென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர். விடுதி, சாப்பாடு, இரவு நேர நடமாட்டம் வேண்டுமென்றால் ராஜபாளையம்.

பேருந்து நிலையத்தில் வெளிநாட்டவர் படும் பாட்டை நின்று பார்த்தால்தான் தெரியும். பலகை தமிழில் இருக்கும். கூகுள் வரைபடம் சொன்ன பெயரும் நடத்துநர் கூவும் பெயரும் ஒன்றாக இருக்காது. அவர் கையில் இருக்கும் காகிதத்தில் ‘வத்திராயிருப்பு’; காதில் விழுவதோ ‘வத்ராப், வத்ராப், வத்ராப்’. பக்கத்தில் நிற்கும் அக்கா ஒருவர் காகிதத்தை வாங்கிப் பார்த்து, “அந்தா நிக்குது பாருங்க, ஓடுங்க, எடுக்கப் போறான்” என்று கைகாட்டுவார். பயணி ஓடிப்போய் ஏறினதும் நடத்துநர் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பையனை எழுப்பி இடம் தருவார், இறங்கும் இடம் வந்ததும் மறக்காமல் சொல்வார். இந்த உதவி இந்தப் பக்கத்தில் எப்போதும் கிடைக்கும். ஆனால் கேட்கத் தயங்குகிறவருக்கும், மூன்று வெவ்வேறு பதில் கேட்டுக் குழம்புகிறவருக்கும் அது போதாது. நிலையத்தில் இரண்டு மொழியில் ஒரு நேரப்பலகை இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

விமானம்: ஊருக்குள் நுழையாமல் வரும் வழி

கொழும்பு, துபாய், சிங்கப்பூரிலிருந்து வருபவருக்கு மதுரை விமான நிலையமே பக்கம். அங்கிருந்து இந்த ஊர்களுக்கு வர மதுரை நகருக்குள் போகத் தேவையில்லை. பெருங்குடி, மண்டேலா நகர் வழியாகச் சுற்றுச்சாலை பிடித்துக் கப்பலூர் போனால் அடுத்தது திருமங்கலம், தேசிய நெடுஞ்சாலை. பலர் இது தெரியாமல் நகருக்குள் போய் நெரிசலில் மாட்டி மறுபடி தெற்கே வருகிறார்கள். கைச்சுமை குறைவாக உள்ளவர் திருமங்கலம் வரை காரில் வந்து அங்கே பேருந்து ஏறிக்கொள்ளலாம், செலவு பெருமளவு குறையும். கேரளப் பயணத்தை முடித்துவிட்டு வருபவர் திருவனந்தபுரத்தில் இறங்கிக் கொல்லம் வழியாக ரயிலில் வரலாம். தூத்துக்குடி விமான நிலையத்தில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்திருந்தாலும், இந்த வட்டாரத்துக்கு மதுரையே வசதி.

கார், ஆட்டோ, இருசக்கர வண்டி

வாடகைக் காரில் மூன்று கணக்கு உண்டு: கிலோமீட்டர் வாடகை, ஓட்டுநர் பேட்டா, நாளொன்றுக்கு இவ்வளவு கிலோமீட்டர் என்ற குறைந்தபட்சம். மதுரையிலோ சென்னையிலோ எடுத்த காரை இங்கே இரண்டு நாள் நிறுத்தி வைத்தால், ஓடாத கிலோமீட்டருக்கும் பணம் கொடுத்தாக வேண்டும். ஆகவே நெடுந்தூரத்துக்கு ரயில் அல்லது பேருந்து, மலையடிவாரத்துக்கு மட்டும் உள்ளூர்க் கார் என்று பிரித்துக்கொள்வதே சிக்கனம். மஞ்சள் பலகை வண்டியாகப் பார்த்து எடுப்பது நல்லது. சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு, விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் சிக்கல் வரும்.

ஆட்டோவுக்கு இங்கே மீட்டர் வழக்கமில்லை. ஏறுமுன் பேசிவிட வேண்டும். “கோயிலுக்கு எவ்வளவுண்ணே?” என்று கேட்டால், “குடுக்கிறதக் குடுங்க” என்று பதில் வரும். அந்தப் பதிலை நம்பி ஏறுவதுதான் ஆபத்து. இறங்கும்போது இருவர் மனதிலும் இருந்த தொகை வெவ்வேறு என்று தெரியும். விடுதிக்காரரிடமோ டீக்கடையிலோ நியாயமான தொகையை முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைச் சொல்லி ஏறுவதே வழி. ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் நிலையம் கோயிலை விட்டுச் சற்று ஒதுங்கி இருப்பதால் பொதிகையில் இறங்குகிறவருக்கு முதல் பேரமே ஆட்டோவோடுதான். ஒரே திசையில் நாலைந்து பேர் சேர்ந்தால் ஷேர் ஆட்டோவாகிவிடும், கட்டணமும் தலைக்கு இவ்வளவு என்று குறையும்.

இருசக்கர வண்டியை வாடகைக்கு எடுக்கும் தொழில் இந்தச் சிறுநகரங்களில் வேரூன்றவில்லை. முறையான வாடகை வண்டிக்குக் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். மதுரை போன்ற இடத்தில் அப்படி எடுத்து வருபவர் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் தலைக்கவசமும் வைத்திருக்க வேண்டும். தென்னந்தோப்பும் கண்மாய்க் கரையுமாக இருக்கும் மலையடிவாரச் சாலைகள் சைக்கிளுக்கு அருமையானவை. விடுதிகள் நாலு சைக்கிள் வாங்கிப் போட்டால் அதுவே பெரிய ஈர்ப்பாகும். நெடுஞ்சாலையில் மட்டும் சைக்கிள் வேண்டாம், லாரிப் போக்குவரத்து கடுமை.

மலையடிவாரம்: பிரச்சினை தொடங்கும் இடம்

மேலே சொன்ன எல்லாம் ஊர் வரைக்கும். பயணி பார்க்க நினைக்கும் இடங்களோ ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்பு எட்டு கிலோமீட்டர் அளவு. ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோயில் பத்துக்குச் சற்று மேல். வத்திராயிருப்பிலிருந்து சதுரகிரிக்கு ஏறும் தாணிப்பாறையும் பத்து கிலோமீட்டருக்குள்தான். சென்னையிலிருந்து 550 கிலோமீட்டருக்கு மேல் தூங்கிக்கொண்டே வந்தவர் இந்தப் பத்து கிலோமீட்டரில்தான் தடுமாறுகிறார்.

காரணம் எளிது. அந்தச் சாலைகளில் பேருந்து ஓடுவது தோப்பு வேலைக்கும் கிராமத்துக்கும். அந்தக் கிராமத்தோடு வண்டி திரும்பிவிடும். அதற்கப்பால் நடையோ ஆட்டோவோதான். பெரிய பேருந்து போகாத ஊர்களுக்கென்று 1990-களின் பிற்பகுதியில் வந்த மினி பஸ் இதற்கு ஓரளவு விடை. 2025-இல் அரசு அந்தத் திட்டத்தைப் புதுப்பித்துக் கூடுதல் வழித்தடங்களைத் திறந்தது. ஆனால் மினி பஸ்ஸும் பள்ளி நேரம், வேலை நேரம் பார்த்தே ஓடும். காலை எட்டு மணிக்குப் போகும் வண்டியில் ஏறுகிறவர், திரும்பி வரும் வண்டி எப்போது என்று அதே நடத்துநரிடம் கேட்டுவிட்டு இறங்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வெயிலில் நடந்து திரும்பியவர்கள் ஏராளம்.

காட்டுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. செண்பகத்தோப்பும் அய்யனார் கோயிலும் புலிகள் காப்பகத்தை ஒட்டியவை. சோதனைச்சாவடியில் வனத்துறை அனுமதித்தால்தான் உள்ளே போகலாம். யானை நடமாட்டம், காட்டுத்தீ அபாயம், ஆற்றில் வெள்ளம் இவற்றில் எது இருந்தாலும் வழி மூடப்படும். காட்டழகர் கோயில், மீன்வெட்டிப்பாறை அருவி என்று இணையத்தில் படம் பார்த்து வருபவர், அன்றைக்கு அனுமதி உண்டா என்று முந்தைய நாளே விசாரிப்பது அவசியம். வாடகைக் கார் எடுத்தால் எல்லா இடத்துக்கும் போகலாம் என்ற எண்ணம் இங்கேதான் பொய்க்கிறது. வண்டி எவ்வளவு பெரிதானாலும் சாவடியோடு நிற்கும்.

சதுரகிரியில் இது இன்னும் தெளிவு. தாணிப்பாறையிலிருந்து சுந்தரமகாலிங்கம் கோயில் வரை ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் கல்லும் ஓடையுமான நடைபாதை. 2015 மே மாதம் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்த பிறகு கட்டுப்பாடுகள் இறுகின. அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷத்தை ஒட்டிய நாட்களில்தான் பெருங்கூட்டம். காலையில் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏறத் தொடங்க வேண்டும், மேலே இரவு தங்க முடியாது, மழை எச்சரிக்கை வந்தால் அனுமதி ரத்து. ஆடி அமாவாசைக்குச் சிறப்புப் பேருந்துகள் தாணிப்பாறை வரை விடப்படும். வெறும் நாளில் போகிறவர் வத்திராயிருப்பு வரை பேருந்தில் போய் ஆட்டோ பிடிக்க வேண்டும். கூட்டம் இருக்கும் நாளில் வண்டி இருக்கும், வண்டி இல்லாத நாளில் மலை அமைதியாக இருக்கும். எது வேண்டுமென்று பயணிதான் முடிவெடுக்க வேண்டும்.

வரைபடம் பார்த்து ஏமாறும் இன்னோர் இடமும் உண்டு. ராஜபாளையத்துக்கு மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் பெரியார் புலிகள் காப்பகம். நேர்கோட்டில் பார்த்தால் தேக்கடி கூப்பிடு தூரம் போலத் தோன்றும். ஆனால் மலையைத் தாண்டச் சாலை கிடையாது. பேரையூர், உசிலம்பட்டி, தேனி, கம்பம் என்று வடக்கே சுற்ற வேண்டும், அல்லது செங்கோட்டை வழியாகத் தெற்கே சுற்ற வேண்டும். அரை நாள் பயணத்தை ஒரு மணி நேரமாகக் கணக்குப் போட்டுவிட்டு, அன்று மாலையே படகுச் சவாரிக்கு முன்பதிவு செய்துவிட்டால் பணம் போனது போனதுதான்.

பெயர்க் குழப்பமும் சேர்ந்துகொள்ளும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மிக அருகே மலைமேல் சீனிவாசப் பெருமாள் கோயில் இருக்கும் இடத்துக்குத் திருவண்ணாமலை என்று பெயர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அங்கே சிறப்புப் பேருந்து ஓடும். பலகையைப் படித்துவிட்டு, அருணாசலேசுவரர் ஊருக்கா இவ்வளவு பக்கம் என்று திகைப்பவர் உண்டு.

திருவிழா நாட்கள்

போக்குவரத்து ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரின் தேர்வீதிகளில் வண்டிக்கு இடமில்லை. பேருந்துகள் திருப்பிவிடப்படும், மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடப்படும். தேர் பார்க்க வருகிறவர் முந்தின நாளே வந்து தங்குவதும், அன்று முழுதும் நடப்பதற்குத் தயாராவதும்தான் ஒரே வழி. ஆடியில் இருக்கன்குடிக்கும், மார்கழி, தை மாதங்களில் பச்சை உடுத்தித் திருச்செந்தூருக்கும் பாதயாத்திரை போகிறவர்கள் சாலையோரத்தை நிறைப்பார்கள். இரவில் கார் ஓட்டுவோர் இந்த மாதங்களில் கூடுதல் நிதானத்தோடு போக வேண்டும். நடையும் இந்த வட்டாரத்தின் போக்குவரத்துதான். அதற்கென்று சாலையோரத்தில் அன்னதானமும் தண்ணீர்ப் பந்தலும் போடுகிறார்கள்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

பயணிக்கு வழிசெய்ய உலகம் கண்ட முறைகள் சில. முதலாவது, நாடு முழுதும் செல்லும் ஒற்றைச் சீட்டு. ஜப்பானின் ரயில் பாஸ் பேர்போனது. 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறியபின் அதன் கவர்ச்சி குறைந்தது. ஜெர்மனி 2023 மே மாதத்திலிருந்து மாதச் சந்தா ஒன்றில் உள்ளூர்ப் பேருந்து, டிராம், வட்டார ரயில் எல்லாவற்றையும் திறந்துவிட்டது. ஊருக்கு வந்தபின் உள்ள கடைசிப் பகுதியையும் அதே சீட்டு கவனித்துக்கொள்கிறது என்பதுதான் அதன் சிறப்பு. இரண்டாவது, பயணியே வண்டியை ஓட்டிக்கொள்வது. அமெரிக்காவில் பெருநகரங்களை விட்டால் கார் ஓட்டத் தெரியாத பயணிக்குக் கஷ்டம். பிள்ளைகளைப் பார்க்கப் போன நம் பெற்றோர் பலர் வீட்டிலேயே அடைந்துகிடந்த அனுபவத்தைச் சொல்வார்கள். இலங்கையில் உரிய அனுமதி பெற்ற வெளிநாட்டவரே ஆட்டோவை வாடகைக்கு எடுத்து ஓட்டித் தீவைச் சுற்றுகிறார்கள்.

இந்தியாவிலும் வெளிநாட்டவருக்கென ‘இண்ட்ரெயில் பாஸ்’ இருந்தது. 2017-இல் அது நிறுத்தப்பட்டது. இப்போது முக்கிய ரயில்கள் சிலவற்றில் வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஒதுக்கீடு இருக்கிறது. இந்த ஊர்களுக்கு வருகிறவர் பெரும்பாலும் பொது வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும். வெளிநாட்டு எண்ணில் முன்பதிவுக் கணக்குத் தொடங்குவது, வெளிநாட்டு அட்டையில் பணம் கட்டுவது இரண்டும் பொறுமையைச் சோதிப்பவை. டீக்கடை முதல் ஆட்டோ வரை யூபிஐ வந்துவிட்ட நாட்டில், வெளிநாட்டுப் பயணிக்கான யூபிஐ ஒன் வேர்ல்ட் வசதியை விமான நிலையத்திலேயே கேட்டுப் பெறுவது நல்லது. அது இல்லாதவர் பத்து, இருபது ரூபாய் நோட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளட்டும். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் நடத்துநர் முகம் மாறுவதில் வியப்பில்லை.

மதிப்பீடு

எது யாருக்கு என்று சுருக்கிப் பார்க்கலாம். செலவைப் பார்க்காதவருக்கும் முதியோரோடு வருபவருக்கும் உள்ளூர் வாடகைக் கார். தனியாக வரும் பயணிக்கும் இரண்டு, மூன்று நாள் தங்குபவருக்கும் ரயிலும் பேருந்தும், மலையடிவாரத்துக்குப் பேசிவைத்த ஆட்டோவும். கேரளத்துக்குப் போகிறவருக்குப் பகல் நேரக் குருவாயூர் ரயில். சதுரகிரிக்கு வருபவர் முதலில் பார்க்க வேண்டியது பஞ்சாங்கம், பிறகுதான் பேருந்து நேரம். எல்லோருக்கும் பொது: திரும்பும் வண்டியின் நேரத்தைக் கேட்டுவிட்டுப் போகும் வண்டியில் ஏறுவது.

பயணிக்குச் சொன்னது போதும். இனி ஊருக்கும் நிர்வாகத்துக்கும். புதுப் பேருந்து வாங்கச் சொல்லவில்லை, புதுப் பாதை போடச் சொல்லவில்லை. காலையில் பொதிகை வந்து நிற்கும் நேரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் நிலையத்திலிருந்து கோயில் வழியாகப் பேருந்து நிலையம் போகும் ஒரு நகரப் பேருந்து, மாலையில் அதே வண்டியின் எதிர்த்தடம். சனி, ஞாயிறுகளில் செண்பகத்தோப்புக்கும் அய்யனார் கோயிலுக்கும் வனத்துறை அனுமதி நேரத்தை ஒட்டிப் போய்த் திரும்பும் ஒரு மினி பஸ். இரு ரயில் நிலையங்களிலும் பேருந்து நிலையங்களிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் நேரம், தடம், கடைசி வண்டி, அன்றைய வன அனுமதி எழுதிய பலகை. ஆட்டோ நிறுத்தத்தில் சங்கத்தாரே ஒப்புக்கொண்டு எழுதி வைத்த கட்டணப் பட்டியல்.

இந்த நான்கும் இருக்கிற வண்டியையும் இருக்கிற ஆட்களையும் வைத்தே செய்யக்கூடியவை. தேர் எந்த மணிக்கு எந்த வீதியில் திரும்பும் என்று ஊருக்கே தெரியும்படி அறிவித்து நடத்துகிற ஊர் இது. பேருந்து நேரத்தை ஒரு பலகையில் எழுதி வைப்பது அதைவிடக் கடினமில்லை. முதலில் அந்தப் பலகை வரட்டும். அதைப் படித்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்தபின், புது வண்டி தேவையா என்பதைப் பேசலாம்.